எமன் தேநீர் ஊற்றப் போன நேரம்

ஒரு நாடகம் பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்கு இருப்பதாகக் கிருஷ்ணராஜ் நம்பியதற்கு ஒரே காரணம்தான். அவன் ஒன்பது வருடமாக எமன் வேஷம் கட்டுகிறவன்.

மடுல்சீமைப் பக்கத்தில் அவனுடைய தோட்டத்தில் மாசி பிறந்தால் காமன் கூத்துக்குக் கம்பம் நடுவார்கள். மன்மதனைச் சிவன் எரித்து, பிறகு எழுப்புகிற கதை. எரிக்கிற அன்று காமன் பொட்டலில் எமன் இறங்குவான். முகமெல்லாம் கரி, கையில் பாசக்கயிறு, தொண்டையில் ஊரையே உலுக்குகிற சத்தம். சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு தாயின் சேலைக்குள் ஒளிவார்கள். மறுநாள் காலையில், கரியெல்லாம் கழுவிவிட்டுத் கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போகிற கிருஷ்ணராஜைக் கண்டும் அதே பிள்ளைகள் பாதை மாறித்தான் நடப்பார்கள். அதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை. சொல்லிக்கொள்ள மாட்டான், ஆனால் நடையில் தெரியும்.

பதுளை டவுனில் டிவியும் போனும் விற்கிற ஸரூக் நானாவுக்கும் அந்தப் பெருமை தெரியும். அதனால்தான் தை மாதக் கடைசியில் டிவி ரிமோட்டுக்கு பற்றரி வாங்கப் போனவனை அவர் பிடித்து வைத்துக்கொண்டார்.

"தம்பி, இந்தக் 'கருநிலவுக் கோட்டை' நாடகம் பாத்தீங்களா? தமிழ்ல பேச வச்சு வந்திருக்கு. பேயும் பிசாசும் ஒரே இருட்டும். எங்கட புள்ள ஸனா வீட்டுல ஒரே அரியண்டம், அத போடுங்க போடுங்கண்டு. ஓரத்துல பதினாறு வயசுண்டு போட்டிருக்கு. ஆனா ஸ்கூல்ல ஒரு புள்ள பாக்காம இல்ல. என்ன செய்றதுண்டு எனக்கு வெளங்கல்ல."

"எங்க வீட்டுலயும் அதே கததான் நானா. டிலக்ஷி தெனமும் கேக்குது."

"அப்ப நல்லதாப் போச்சு. இந்தாங்க, எட்டுப் பாகமும் இந்த பென்ல இருக்கு. பாத்துட்டு ஒரு முடிவு சொல்லுங்க. புள்ளைகளப் பயப்படுத்துறதுல ஒங்களுக்கு மேல ஆள் யாரு?"

இப்படி ஒருவர் கேட்டால் எந்த எமன்தான் மாட்டேன் என்பான்? பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பசறை பஸ்ஸில் ஏறிவிட்டான்.

டிலக்ஷிக்குப் பதினொரு வயது. லயம் என்கிற வரிசை வீடுகளில், அவர்களுடைய காம்பராவில் இருப்பது அவளும் அவனும்தான். அம்மா நிரஞ்சலா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. சித்திரைக்கு லீவில் வருகிறாள். அவள் வரப்போகிற மாதத்தைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் சுற்றிச் சுற்றி, டிலக்ஷி அந்தத் தாளையே கிழித்துவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில்தான் நிரஞ்சலாவுக்கு ஓய்வு. அன்றைக்கு ஜன்னல் ஓரம் ஸ்டூலைப் போட்டு, சிக்னல் கிடைக்கிற அந்த ஒரே இடத்தில், முகம் பார்த்துப் பேசுவார்கள்.

நாடகத்தைப் பற்றி அவள் அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "பேய்ப் படமெல்லாம் காட்டாதீங்க. நான் இல்லாத வீடு. புள்ள பயந்துக்கிட்டா யாரு பாக்குறது?"

"நான் பக்கத்துலயேதான இருக்கப் போறேன். வேண்டாதத வெட்டி வெட்டிக் காட்டுறேன். எனக்குத் தெரியாதா எது பயம்னு?"

அவன் சொன்ன மாதிரியே செய்தான். சனிக்கிழமை மதியச் சோறு முடிந்ததும் இரண்டு பாகம், அதற்கு மேல் இல்லை. ரிமோட்டை ஒரு கணமும் கீழே வைக்க மாட்டான். வாளை உருவினால் ஓட்டிவிடுவான். கிணற்றுக்குள்ளிருந்து கை வந்தால் ஓட்டிவிடுவான். தலையில்லாத குதிரைக்காரன் வந்தபோது ஓட்டிய ஓட்டத்தில் அந்தப் பாகமே முடிந்துபோய், டிலக்ஷி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, அது பொம்மக் குதிரப்பா! கழுத்துல தையல் தெரியுது!"

"தெரிஞ்சாலும் பரவால்ல. கண்ண மூடு."

சண்டையும் ரத்தமும் இல்லாத இடங்களில் அவன் எழுந்து தேநீர் ஊற்றப் போவான். இது அவனுக்குக் கூத்தில் வந்த பழக்கம். மன்மதன் எரிந்த பிறகு பொட்டலில் ரதி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். நீளமான ஒப்பாரி. பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள், பிள்ளைகள் மடியில் சாய்வார்கள். அந்த நேரம் எமனுக்கு வேலையில்லை. தட்டிக்குப் பின்னால் போய், தப்பு மேளங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரி ஒட்டாமல் உதட்டைக் குவித்துச் பாலில்லாத சாயத் தேநீர் குடிப்பான். ஒன்பது வருடமாக ரதியின் அழுகையை அவன் தேநீருக்கு இடையில்தான் கேட்டிருக்கிறான். பயப்படுத்துகிற இடம் முடிந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்பதுதான் அவன் கணக்கு.

மூன்றாவது சனிக்கிழமை, ஐந்தாம் பாகம். ஒரு பெண் மலைப்பாதையில் நடந்து தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். மகள் கதவைத் திறக்கிறாள். பின்னால் ஒரு புல்லாங்குழல். ரத்தமில்லை, பேயில்லை. கிருஷ்ணராஜ் ரிமோட்டை மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனான். இஞ்சி தட்டிப் போட்டு, நிதானமாக ஊற்றி, இரண்டு கோப்பையோடு வந்தபோது டிலக்ஷி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிவியை அணைத்திருந்தாள்.

"என்ன, முடிஞ்சிருச்சா?"

"ம்."

"அடுத்தத போடவா?"

"இன்னைக்கு வேணாம்பா."

பிள்ளைக்கே அலுத்துவிட்டது, நல்லது என்று நினைத்தான் அந்த மனுஷன். ஸரூக் நானாவுக்குச் சொல்ல ஒரு தீர்ப்பையும் மனதில் தயார் பண்ணிக்கொண்டான்: பக்கத்தில் ஆளிருந்து வெட்டிக் காட்டினால் ஒன்றும் ஆகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. வழக்கமாக அம்மாவின் முகம் வருவதற்குள் நாலு கதை சொல்லிவிடுகிறவள், அன்று போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தாள்.

"அம்மா, எனக்கு என்ன கறி புடிக்காது?"

நிரஞ்சலா சிரித்தாள். "கத்தரிக்கா! கத்தரிக்காயக் கண்டாலே ஓடுவியே. எனக்குத் தெரியாதா?"

டிலக்ஷி "படிக்கணும்" என்று போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில், அவன் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"அப்பா, அம்மாவ சித்திரைக்கு வரவேணாம்னு சொல்லுங்க."

துருவிய கை அப்படியே நின்றுவிட்டது. எமன் பாசக்கயிற்றை வீசினால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்டான். சொல்லவில்லை. அதட்டிப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டோருக்குப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தான். கீழே மலைக்காட்டில் கொழுந்தெடுக்கிறவர்களின் பேச்சுச் சத்தம் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. இந்த முறை அதட்டவில்லை. அதன் பிறகுதான் அவள் சொன்னாள்.

"அந்தக் கோட்டைக்கு வேலைக்குப் போன அம்மாமாரு திரும்பி வருவாங்கப்பா. ஆனா வர்றது அவங்க இல்ல. ஒடம்பு மட்டும்தான் அவங்க. உள்ள வேற ஒண்ணு. தல சீவி விடும், சோறு ஆக்கும், எல்லாம் செய்யும். ஆனா அதுக்கு அம்மா வீட்ட விட்டுப் போன நாள் வரைக்கும்தான் தெரியும். அதுக்குப் பெறகு ஒண்ணும் தெரியாது. எது கேட்டாலும் பழசத்தான் சொல்லும்."

"அது கததானே சாமி."

"கதன்னு தெரியும். நீங்கதான் எமன்னும் எனக்குத் தெரியும். ஆனாலும் பொட்டல்ல பாத்தா பயமாத்தான இருக்கு?"

ஒன்பது வருட எமன் தன் துவாயை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டான்.

"நான் கேட்டேன்ல, கறி. ஒடனே சொன்னாங்கப்பா. யோசிக்கவே இல்ல. கத்தரிக்கான்னு."

"நீ இப்ப கத்தரிக்காதான் கேட்டு வாங்கித் திங்கிற."

"அதான்பா." கண் நிறைந்துவிட்டது. "மேல்லயத்து ஜெயந்தினி அக்கா வெளிநாட்டுலருந்து வந்தப்ப, அவங்க மகன் கிட்டவே போகலையே. ஒரு கெழம அழுதான். போன்ல இருக்கறப்ப அம்மா அம்மாவாத்தான் இருக்காங்க. வந்து, வேற மாரி இருந்துட்டா? அதுக்கு வராமயே இருக்கட்டும்."

கிருஷ்ணராஜுக்கு முதலில் ஸரூக் நானா மீது கோபம் வந்தது. பிறகு அந்த நாடகத்தை எடுத்தவர்கள் மீது. இரண்டும் நிலைக்கவில்லை. தலையில்லாத குதிரைக்காரனை அத்தனை கவனமாக ஓட்டிவிட்டு, பிள்ளையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த காட்சிக்கு அவன்தான் ரிமோட்டைக் கையில் கொடுத்து, இஞ்சி தட்டப் போனான். அந்தக் கோபத்தை வேறு யாரிடமும் காட்ட முடியாது.

பென் டிரைவை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் அவர்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. காமனை எரிக்கிறதைப் பார்த்த பிள்ளை, மூன்றாம் நாள் எழுப்புகிறதையும் பார்க்க வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்து காட்டுவார்கள். எரிப்பை மட்டும் பார்த்த பிள்ளைக்கு மனம் பாதியில் நின்றுவிடும் என்று சொல்வார்கள். டிலக்ஷி எரிப்பைப் பார்த்துவிட்டாள். இனி எழுப்புவது எங்கே இருக்கிறது என்று தேடியாக வேண்டும். அதை மகளிடமும் சொல்லி வைத்தான்.

ஞாயிறு காலை அவள் கோயிலில் அறநெறி வகுப்புக்குப் போனதும், கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தாம் பாகத்தை முதலிலிருந்து போட்டான். இந்த முறை எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்த அந்தப் பெண் மகளின் தலையை எடுத்து மடியில் வைத்துச் சீவுகிறாள். மகள் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அவள் சிரித்த முகத்தோடு, நிறுத்தாமல் பதில் சொல்கிறாள். எல்லாம் பழைய பதில். மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. அவ்வளவுதான் காட்சி. கிருஷ்ணராஜின் கை தானாக ரிமோட்டுக்குப் போனது; ஓட்டவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்தான். எங்கும் எழுப்பவில்லை. கடைசியில் மகள் கதவை உள்ளேயிருந்து தாழ் போடுகிறாள். வெளியே பனிக்குள் நின்றது அம்மாவா, மற்றதா என்று சொல்லாமலே பாட்டைப் போட்டு முடித்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் அவன் கவனித்திருந்தான். அந்த உருவம் நாலு பாகத்திலும் ஒரு தடவைகூடத் தெரியாது என்று சொல்லவில்லை. அது அவனுக்குப் பழக்கமான விஷயம். வேஷம் கட்டியவன் வாயில் அந்த வார்த்தை வராது. ஒரு வருடம் எமன் பாட்டு பாதியில் மறந்துபோய், பசறையிலிருந்து பதுளை வரைக்குமுள்ள பஸ் நிறுத்தங்களின் பெயரையெல்லாம் எமன் ராகத்தில் உறுமி ஒப்பேற்றியிருக்கிறான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கைதட்டல்கூடக் கிடைத்தது.

டிலக்ஷி வந்ததும் கேட்டாள். "பாத்தீங்களா? எழுப்பினாங்களா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "இல்ல. எழுப்பாம விட்டுட்டாங்க. அத எழுதுனவங்க ஊர்ல காமன் பொட்டல் இல்ல போல."

அவள் சிரிக்கவில்லை. பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க அவன் நிரஞ்சலாவுக்குக் குரல்செய்தி பதிந்து பதிந்து அழித்தான். 'நீ இல்ல, உன்ன மாரி ஒண்ணு வருதுன்னு புள்ள பயப்படுது' என்று அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நிற்கிற ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "வெள்ளிக்கெழம மறக்காம எடு. அவ ஏதாச்சும் கேப்பா." நடுவில் ஸரூக் நானா போன் பண்ணி, என்ன முடிவு தம்பி என்று கேட்டதற்கு, இன்னும் தெரியவில்லை நானா என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்த நேரத்தில் போன் அடித்தது. டிலக்ஷி போனைத் தள்ளிப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கிருஷ்ணராஜ் அவளுக்குப் பின்னால், நிரஞ்சலாவுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டான். நிரஞ்சலா கூந்தலை ஒரு வெள்ளைத் துணியால் கட்டியிருந்தாள். கண் வீங்கியிருந்தது. போன வாரத்திலிருந்து அவளுக்கும் நிம்மதியில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"சாப்டியா சாமி?"

"ம். அம்மா, கிளாஸ்ல எனக்குப் பக்கத்துல யாரு உக்காருறா?"

நிரஞ்சலா வாயைத் திறந்தாள். பழைய பெயர் ஒன்று அவள் உதட்டு நுனி வரைக்கும் வந்தது. கிருஷ்ணராஜுக்கு அது தெரிந்துவிட்டது. கூத்தில் பாட்டு மறந்தவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் எடுத்துக் கொடுப்பது வழக்கம்; அதில் குற்றமில்லை. மகளின் தலைக்கு மேலே, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக் கொடுத்தான்: ற - மீ - லா. றமீலா.

நிரஞ்சலா அவனைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்பதும் முகத்தில் தெரிந்தது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். பிறகு அவள் கண்ணை அவனிடமிருந்து எடுத்து மகளிடம் வைத்தாள்.

"தெரியாதும்மா."

டிலக்ஷி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல சாமி. நான் போறப்ப நிஷாந்தினி இருந்துச்சு. இப்ப யாருன்னு தெரியாது. போன கெழம கத்தரிக்கான்னு சொன்னனே, அதுவும் தப்புன்னு உன் மூஞ்சப் பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு. மூணு வருஷத்துல நீ என்னென்னவா மாறியிருக்கன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல. தெரிஞ்ச மாரியே பேசிக்கிட்டு இருந்துட்டேன். தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு." அவள் துணியின் நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நீ சொல்லு. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

டிலக்ஷி திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தள்ளிப் பிடித்திருந்த போனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தாள்.

"றமீலா," என்றாள்.

"றமீலாவா? எந்தப் பக்கத்துப் புள்ள?"

"கடை வீதிப் பக்கம். அவங்க வாப்பா துணிக்கட வச்சிருக்காரு. நல்லா படம் கீறுவா. கணக்குல என்னய விட மோசம்."

"உன்ன விடவா?"

"அம்மா!"

அதன் பிறகு மடை திறந்தமாதிரிதான். மூன்று வருடத்தை அவள் எங்கிருந்து எங்கே என்று இல்லாமல் அள்ளிக் கொட்டினாள். விழுந்த பல், முளைத்த பல், பக்கத்துக் காம்பரா இராக்கம்மாவின் கோழி, எல்லாம் வந்தது. நிரஞ்சலா ஒவ்வொன்றுக்கும் எப்ப, எப்ப என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஸரூக் நானாவுக்கு அவன் தன் தீர்ப்பைச் சொன்னான். "ரத்தம் வர்ற எடத்துக்கெல்லாம் பயப்படாதீங்க நானா, அது பொம்மன்னு புள்ளைகளுக்கே தெரியுது. ஒரு சத்தமும் இல்லாத எடம் ஒண்ணு வரும். அப்ப ஸனா பக்கத்துலயே உக்காந்திருங்க. இருக்க முடியாதுன்னா காட்டாதீங்க. டீ ஊத்த மட்டும் எழும்பிப் போயிறாதீங்க." நானாவுக்கு அது விளங்கியதோ என்னவோ, சரி தம்பி என்றார். பென் டிரைவை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. மிச்சத்தை அம்மா வந்த பிறகு மூன்று பேருமாகப் பார்ப்பது என்று டிலக்ஷி சொல்லிவிட்டாள்.

ஆனால் அதெல்லாம் மறுநாள் கதை. அன்று பின்னேரம் ஜன்னலில் இருட்டு ஏறுகிற வரைக்கும் தாயும் மகளும் பேசி முடிக்கவில்லை.

"சரி, கத்தரிக்கா இப்ப புடிக்கும்னு வச்சுக்குவோம்," என்றாள் நிரஞ்சலா. "அப்ப எந்தக் கறி புடிக்காது? சொல்லு, எழுதி வச்சுக்கிறேன்."

டிலக்ஷி யோசித்தாள். சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன். நீ வந்து ஆக்கிப் பாரு."

அடுப்பில் தண்ணீர் கொதித்துத் தளும்பி, சட்டி காய்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. கிருஷ்ணராஜ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.